கட்டிய மரமும் பிளந்த மரமும்

தமிழ்நாட்டில் பிறந்து உலகெங்கும் குடியேறிய சொற்கள் சில உண்டு. நம் அடுக்களையில் கொதித்த மிளகுத்தண்ணீர், ஆங்கிலேயரின் உணவு மேசையில் 'மல்லிகட்டானி' என்று பெயர் பெற்றது. நம் கடற்கரையில் மிதந்த கட்டுமரம், மேலைநாட்டுத் துறைமுகங்களில் 'கேட்டமரன்' என்று வழங்குகிறது. அவ்வாறே நார்வே நாட்டுச் சொல் ஒன்றும் உலகைச் சுற்றி வந்துள்ளது. அதுதான் 'ஸ்கீ' என்பது. பனியின்மேல் சறுக்கிச் செல்வதற்குக் காலில் பூட்டிக்கொள்ளும் நீண்ட பலகைக்கு அது பெயர். அந்நாட்டின் பழைய மொழியில் அச்சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்பதே பொருள்.

ஒன்று கட்டிய மரம். மற்றொன்று பிளந்த மரம். ஒன்று வெயில் காயும் சோழமண்டலக் கரையில் தோன்றியது. மற்றொன்று வெண்பனி மூடிய வடநாட்டில் தோன்றியது. இரண்டையும் படைத்தவர்கள் ஏழை எளிய மக்கள். இரண்டும் வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவை. இன்று இரண்டின் பெயரும் செல்வர்களின் விளையாட்டில் வழங்குகின்றன. தொழிற்கருவி எவ்வாறு விளையாட்டுக் கருவி ஆகிறது, அவ்வாறு ஆகும்போது அதைப் படைத்தவன் என்ன ஆகிறான் என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இவ்வெண்ணம் எனக்கு எழுந்ததற்கு ஒரு கடிதம் காரணம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற பங்குனியில் தம் நண்பர் நால்வருடன் காசுமீரத்துக் குல்மார்க்குக்குச் சென்றிருந்தார். குல்மார்க் என்பதற்கு மலர்ப் புல்வெளி என்பது பொருள். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது அவ்வூர். ஆங்கிலேயர் காலத்தில், 1927-ஆம் ஆண்டில், இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் அங்கே தொடங்கப்பெற்றது. இன்று கம்பிவடத்தில் தொங்கும் ஊர்தி ஒன்று மக்களை அபர்வத் மலையின் உச்சிக்கு அருகே கொண்டு சேர்க்கிறது. 2020 மார்ச்சுத் திங்களில் இந்திய அரசின் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நிகழ்ந்தன.

நண்பர் ஐவரும் பயின்றது பனிப்பலகைச் சறுக்கு. ஸ்கீ என்பது காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை. பனிப்பலகையோ இரு கால்களையும் சேர்த்துப் பூட்டும் ஒரே பலகை. அதன்மேல் பக்கவாட்டில் நின்று மலைச்சரிவில் வழுக்கி இறங்க வேண்டும். "இளவேனிற் பனி நாளுக்கு இருமுறை குணம் மாறுகிறது, ஐயா. இரவில் உறைந்து காலையில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் பரல் உப்பைப்போல் இளகுகிறது. அந்த இளக்கத்தில்தான் எங்களைப் போன்ற புதியவர்கள் கற்க முடிகிறது. முதல் நாள் முழுவதும் விழுந்தோம். ஒருவன் விழுந்தால் நால்வர் சிரிப்போம். சிரித்து முடிப்பதற்குள் நாங்களும் விழுவோம். எங்களுக்குக் கற்றுத்தந்த மலையூர் இளைஞர் ஓயாமல் ஒன்றையே சொன்னார்: முழங்காலை மடக்குங்கள், மலையோடு மல்லுக்கு நிற்காதீர்கள், காலைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள் என்றார்." இவ்வாறு எழுதியிருந்தார் மாணவர். கடிதத்தின் இறுதியில், "இப்பலகையைக் கண்டுபிடித்தவர் யார்?" என்றும் வினவியிருந்தார். ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் மாணவரின் வினா ஓய்வு பெறுவதில்லை அன்றோ?

அவ்வினாவுக்கு விடை தேடினேன். பனியில் சறுக்கும் பலகை மிகத் தொன்மையானது. வடநாட்டு வேட்டுவர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பயன்படுத்தினர். பனிக்காலத்தில் வேட்டைக்குப் போகவும் அண்டை வீட்டை அடையவும் அதுவே வழி. அதனை விளையாட்டாக உயர்த்தியவருள் தலையாயவர் சோந்தரே நூர்ஹைம் என்னும் நார்வேக் குடியானவர். தெலமார்க் பகுதியில் 1825-இல் பிறந்த இவர், சொந்த நிலம் இல்லாத குத்தகை உழவர். பலகை குதிகாலை விட்டுக் கழலாதபடி கட்டும் முறையைச் செம்மை செய்தார். நடுப்பகுதி சிறுத்த பலகையைச் செய்தார். 1868-இல் தலைநகரத்தில் நடந்த போட்டியில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், இளைஞர் பலரையும் வென்றார். நகரத்தார் கைதட்டினர். ஆயினும் வறுமை அவரை விடவில்லை. 1884-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1897-இல் அங்கேயே மறைந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தில் நெடுங்காலம் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

பனிப்பலகை பிறந்த கதை இன்னும் சுவையானது. 1965-ஆம் ஆண்டு கிறித்துமசு நாள். அமெரிக்காவில் மிச்சிகன் என்னும் பேரேரியின் கரையிலுள்ள மசுகீகன் நகரில் செர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்களுக்கு விளையாட்டுப் பொருள் ஒன்று செய்தார். அவர் செய்தது யாது? இரண்டு ஸ்கீப் பலகைகளைச் சேர்த்துக் கட்டினார்! அதன்மேல் நின்று பனிமேட்டில் சறுக்கியபோது கடலலைமேல் சறுக்குவது போலவே இருந்ததாம். பனி, அலைச்சறுக்கு என்னும் பொருளுடைய இரு சொற்களை இணைத்து 'சுனர்ஃபர்' என்று அதற்குப் பெயரிட்டார் அவர் மனைவியார். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு 1998-இல் சப்பானின் நகானோ நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இடம் பெற்றது.

இரண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டினார் என்று படித்ததும் என் நெஞ்சம் பழவேற்காட்டை நினைந்தது. பனிமலைக்குப் போகும் வயது எமக்குக் கடந்துவிட்டது. ஆதலின் ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் மூவரும் யானும் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பேருந்து ஏறினோம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்தபடி பெரியது இவ்வேரி. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் திருவரிக்கோட்டைத் தீவிலிருந்துதான் இன்று ஏவூர்திகள் விண்ணில் பாய்கின்றன. ஏரியோ மிகப் பெரிது. ஆழமோ மிகச் சிறிது. பல இடங்களில் மனிதன் இறங்கி நடக்கலாம். படகோட்டி துடுப்பை வைத்துவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளினார். பங்குனியாதலின் பூநாரைகளிற் பல வடதிசை சென்றுவிட்டன. எஞ்சிய கூட்டமொன்று தொலைவில் இளஞ்சிவப்புக் கோடுபோல் நின்றது.

இவ்வூரில் வரலாறு இரண்டு வகையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று கல்லில் உள்ளது. ஒல்லாந்து வணிகர் 1613-இல் இங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். நம் நெசவாளர் நெய்த துணி இங்கிருந்து கீழ்நாடுகளுக்குக் கப்பலேறியது. அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் கப்பலேறினர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவ்வணிகரின் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் காப்பில் உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள். உள்ளே பெயரும் ஆண்டும் குலச்சின்னமும் பொறித்த கற்கள்.

மற்றொரு வரலாறு மக்களின் கையிலும் நாவிலும் உள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ஏரியில் 'பாடு' என்னும் முறையைப் போற்றி வந்துள்ளனர். எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு அது. நல்ல இடம் ஒருவனுக்கே உரியதாகாமல் எல்லாருக்கும் முறையே வரும். எழுத்தில்லாத சட்டம் ஏட்டுச் சட்டத்தினும் வலிதாக நின்றதற்கு இது சான்று.

கடற்புறக் குப்பம் ஒன்றில் முதியவர் ஒருவரைக் கண்டோம். அவர் வீட்டின் பின்புறம் நீண்ட மரங்கள் சில வெயிலில் வெளுத்துக் கிடந்தன. முன்புறம் வளைந்து கூர்த்திருந்தமையால் கட்டுமரத்தின் உறுப்புகள் என அறிந்தேன். "பெரியவரே, இவற்றைக் கட்டாமல் போட்டிருப்பது ஏன்?" என்றேன். "வேலை இருந்தப்பவும் கரை ஏறினா அவுத்துத்தான் ஐயா போடுவோம். மரம் தண்ணி குடிச்சாக் கனக்கும், காயணும். இப்ப கட்டுறதுக்கு ஆள் இல்லை. பிள்ளைங்க பைபர் போட்டுல போறாங்க" என்றார். அலையை எவ்வாறு கடப்பீர்கள் என்று கேட்டேன். "அலைய எதுத்து நிக்கக் கூடாதுங்க ஐயா. அது தூக்குறப்ப நாம எழும்பணும்; அது விடுறப்ப நாம குனியணும். பார்வை மட்டும் அடுத்த அலை மேல இருக்கணும்" என்றார். மாணவர்களே, குல்மார்க்கின் மலையூர் இளைஞர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பனியை அறிந்தவர். ஒருவர் கடலை அறிந்தவர். பாடம் ஒன்றுதான்.

கட்டுமரத்தின் நுட்பத்தை ஆராய்ந்தால் வியப்பு மேலிடும். ஆணி இல்லை, கயிறே பிணைப்பு. மரங்களின் இடைவெளியில் புகுந்த நீர் அவ்வழியே வெளியேறும். நீர் நிறைவதற்குக் குழிந்த இடமே இல்லாததால் அது மூழ்குவதில்லை. கவிழ்ந்தால் மீண்டும் திருப்பி ஏறிக்கொள்ளலாம். சென்னையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நிற்கும். கரையில் அலை கொந்தளிக்கும். அந்நாளில் ஓலைத்தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு கப்பலுக்குச் சென்று மீண்டவர்கள் கட்டுமரக்காரர்களே. வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறித்தார்.

பெயர் கப்பலேறியது; பொருள் மாறியது. 1876-இல் நத்தானியல் எர்ரசாஃப் என்னும் அமெரிக்கர் இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகு ஒன்றைச் செய்து நியூயார்க்குப் போட்டியில் முந்தினார். தோற்றவர்கள் முறையிட, அப்படகு போட்டிக்கு உரியதன்று என்று விலக்கப்பட்டது. இரட்டைப் படகின் அமைப்பு பசிபிக் தீவினரின் அறிவு. அதற்கு வழங்கிய பெயரோ நம் கடற்கரையாரின் சொல். இன்று செல்வர்களின் உல்லாசப் படகுகளுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. அதைச் சொல்பவர் பலர் அது தமிழ் என்பதையே அறியார்.

ஒல்லாந்து வணிகருக்குக் கல்லறையில் பெயருண்டு. கட்டுமரத்தின் முதல் முடிச்சைப் போட்டவனுக்குப் பெயரில்லை. நூர்ஹைமுக்கும் நெடுங்காலம் கல்லில்லை. எனினும் நார்வே நாட்டார் ஒன்று செய்தனர். பனியில் வேட்டையாடும் தேவை குறைந்தபோதும் பலகையை எறிந்துவிடவில்லை. பள்ளியிலும் விழாவிலும் அதனைப் போற்றினர். யார் தந்த கலை என்பதையும் மறவாது எழுதி வைத்தனர். ஆதலின் தொழில் மறைந்தும் அறிவு மறையவில்லை.

நம் கரையில் நடந்தது என்ன? இயந்திரப் படகு வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இதனைக் குறை கூறுவதற்கில்லை. உயிருக்குப் பாதுகாப்பும் உழைப்புக்கு ஓய்வும் வேண்டாம் என்று மீனவரிடம் சொல்ல நாம் யார்? பழைய மரத்தை அவர்கள் தலையில் கட்டுவது அறமாகாது. ஆனால் மரத்தோடு மரத்தின் அறிவும் போவதுதான் இழப்பு. எம்மரம் இலேசானது, எம்முடிச்சு நனைந்தால் இறுகும், வாடை வீசும்போது எப்பக்கம் அலை தணியும் என்பவை எந்நூலிலும் முழுமையாக இல்லை. அறிந்தோர் எழுபதைக் கடந்துவிட்டனர்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர் அலைச்சறுக்குப் பள்ளி நடத்திப் பிறருக்குக் கற்பிக்கின்றனர். 2023 ஆகஸ்டுத் திங்களில் மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கடலோரப் பிள்ளைகள் அங்கே வேடிக்கை பார்ப்பவராக நில்லாது, வீரராகவும் ஆசிரியராகவும் நின்றனர். கடலை அறிந்த குடிக்கு அவ்விளையாட்டில் உரிய இடம் கிடைப்பதே முறை.

மாணவச் செல்வங்களே, விடுமுறையில் நண்பருடன் மலைக்குச் செல்லுங்கள். பனியில் விழுந்து எழுந்து சிரியுங்கள். கடலுக்கும் செல்லுங்கள். எங்கே சென்றாலும் உங்கள் காலடியில் உள்ள பலகை எவன் தொழிலிலிருந்து வந்தது என்று ஒருகணம் எண்ணுங்கள். பழவேற்காட்டுக்குச் சென்றால் கோட்டையையும் கல்லறையையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு குறிப்பேட்டுடன் குப்பத்து முதியவர் முன் அமர்ந்து, மரத்தின் பெயரையும் முடிச்சின் பெயரையும் காற்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிச்சை அவர் கையாலேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லி, நீங்களும் போட்டுப் பழகுங்கள். வரலாறு எழுதுவதற்கு அரசரும் கல்வெட்டும் இருந்தால்தான் ஆகும் என்பதில்லை. கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும். கேட்கவேண்டிய காலம் குறுகி வருகிறது.