தலையெழுத்தும் கட்டில் எழுத்தும்

‘கடவுளின் கை அடித்த அடி’ என்றே பக்கவாதத்தை ஆங்கிலேயர் ஒரு காலத்தில் அழைத்தனர். கடவுளின் கை உதிர்ந்தது. ‘அடி’ எனும் சொல் மட்டும் அவர்தம் மொழியில் நோயின் பெயராய் நிற்கிறது. நாமோ ‘தலையெழுத்து’ என்கிறோம். எழுதியது யார்? வரலாற்றைக் கேட்போம்.

1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர், இந்நோயால் மாண்டோரின் மூளையை அறுத்தாராய்ந்து வெளியிட்ட நூல், அங்கே இரத்தம் கசிந்திருந்ததைக் காட்டிற்று. அடி வானிலிருந்து விழவில்லை; மண்டைக்குள்ளேயே பிறந்தது! நாளம் அடைபட்டாலும் இக்கேடு நேருமெனவும் அறிந்தனர்.

நோயின் காரணத்தை அறிவு கைப்பற்றியது. நோயாளியின் எதிர்காலமோ விதியின் பிடியிலேயே விடப்பட்டது. ஏழை நோயாளி என்றால் கேட்கவா வேண்டும்?

1935ஆம் ஆண்டு. இலண்டனின் மேற்கே, ஐசல்வொர்த்தில், ஏழையர் விடுதியின் நோயாளர் கூடங்கள் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. அவற்றின் பொறுப்பு மார்ஜரி வாரன் எனும் பெண் மருத்துவரிடம் வந்தது. அங்கே 714 பேர். பக்கவாதம் கண்டோர் பலர் ‘தேறாதவர்’ என முத்திரையிடப்பட்டு, கட்டிலோடு கட்டிலாய்க் கிடந்தனர். கிடக்கக் கிடக்க மூட்டு இறுகும், தசை மெலியும், முதுகு புண்ணாகும், மனம் மாளும். இவற்றை எழுதியது கட்டில், தலையன்று!

வாரன் முத்திரையை ஏற்கவில்லை. ஒவ்வொருவரையும் புதிதாய்ச் சோதித்தார். எழக்கூடியவரை எழுப்பினார், நடக்கப் பயிற்றுவித்தார். கைவிடப்பட்டோர் பலர் மருத்துவமனையை விட்டு வெளியேறினர்.

‘நல்லுள்ளம் படைத்த ஒருவரின் கதை ஆதாரமாகுமா?’ என ஐயுறுவோர் உண்டு. ஐயம் நன்று, பகுத்தறிவின் தாய் அது. விடை நார்வேயில் இருக்கிறது. அந்நாட்டின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில், 220 நோயாளர் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 110 பேருக்குப் பொதுக்கூடம். 110 பேருக்குப் பக்கவாதத்திற்கென்றே அமைந்த தனிப்பிரிவு. அங்கே மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சி மருத்துவர் ஒன்றுகூடி, தொடக்கத்திலேயே நோயாளரை எழுப்பி இயங்கவைத்தனர். ஆய்வின் முதல் முடிவு 1991இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்தும் கணக்கெடுத்தனர். முதியோர் பலர் மறைந்துவிட்டனர். எனினும், தம் வீட்டில் வாழ்ந்தோர் தனிப்பிரிவினரில் 21 பேர். பொதுக்கூடத்தாரில் 9 பேரே!

ஒரே நோய், ஒரே நகரம், ஒரே காலம். வேறுபட்டது தொடக்க வாரங்களின் பராமரிப்பு. அதன் பயன் பத்தாண்டுக்குப் பின்னும் நின்றது. எழுதியது விதியாயின், மனிதர் குலுக்கிய சீட்டு அதை மாற்றியதெப்படி? வைதீகர் விடை கூறட்டும்!

தோழர்களே! வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறுவோரைக் கண்டால், மந்திரித்த கயிற்றைத் தேடாதீர், மருத்துவமனைக்கு விரைவீர். உயிர் பிழைத்ததோடு கடமை முடிந்ததெனவும் எண்ணாதீர். மருத்துவர் சொற்படி எழுப்புங்கள், உட்காரவையுங்கள், பயிற்சியைத் தொடருங்கள். தனிப்பிரிவு இல்லாத ஊரில் அதை வேண்டிக் குரல் கொடுங்கள். தலையெழுத்து என்பது, நாம் செய்யத் தவறியதற்கு நாமே இட்ட பெயர்.