பிஎச்பி கற்கத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

இணையதளம் உருவாக்கக் கற்க விரும்பும் பிள்ளைகள் தொடக்கத்தில் கையில் எடுக்கும் மொழிகளில் ஒன்று பிஎச்பி. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கும் மாணவருக்கு எழும் ஐயங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

பிஎச்பி என்பது என்ன?

ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-இல் தமது சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை 1995-இல் பொதுவில் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த மொழி இது. பக்கம் எப்படி அமைய வேண்டும் என்பதை எச்டிஎம்எல் சொல்லும். அந்தப் பக்கத்தை சர்வரில் தயாரித்து அனுப்புவது பிஎச்பி. வேர்ட்பிரஸும், தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் பிஎச்பியில் எழுதப்பட்டவையே.

பணம் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. ‘ஸாம்ப்’ என்ற இலவச மென்பொருளில் அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி மூன்றும் சேர்ந்தே வரும். சாதாரண வீட்டுக் கணினி போதும். நிறுவிய பிறகு, பயிற்சிக்கு இணைய இணைப்பும் தேவையில்லை.

கோப்பைத் திறந்தால் எழுதிய நிரலே தெரிகிறதே?

கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் பிஎச்பி ஓடாது. ஸாம்பில் உள்ள ‘எச்டிடாக்ஸ்’ ஃபோல்டரில் வைத்து, அப்பாச்சியை இயக்கி, பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ முகவரி வழியாகத் திறக்க வேண்டும். நோட்பேடில் சேமித்திருந்தால், பெயரின் கடைசியில் ‘டிஎக்ஸ்டி’ ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

புத்தகத்தில் உள்ளபடியே எழுதியும் பிழை வருவது ஏன்?

புத்தகம் பழையதாக இருக்கலாம். ‘மைஎஸ்கியூஎல் கனெக்ட்’ முதலான பழைய கட்டளைகள் 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி 7-இல் நீக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக ‘மைஎஸ்கியூஎல்ஐ’ அல்லது ‘பிடிஓ’ முறையைக் கற்க வேண்டும்.

தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவது ஏன்?

நம் கண்ணுக்கு விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் ஆறெழுத்துச் சொற்கள். ஆனால் யுனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அக்கணக்கில் விழுப்புரம் 11, திண்டிவனம் 10. ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் என்பதால், பைட் கணக்கில் 33, 30. தரவுத்தளத்தில் ஊர்ப் பெயருக்கு 10 குறிகள் மட்டும் ஒதுக்கினால் திண்டிவனம் அடங்கும், விழுப்புரம் அடங்காது. எனவே தமிழுக்குத் தாராளமாக இடம் விடுங்கள். தரவுத்தளத்தை ‘யுடிஎஃப்8எம்பி4’ முறையில் அமையுங்கள். எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுவதையும் அது பெரும்பாலும் தடுக்கும்.

கற்றதை உடனே ஊருக்குப் பயன்படுத்தலாமா?

திருமணத் தகவல் பதிவு, உதவி கோரும் விண்ணப்பம் போன்றவற்றைச் செய்யப் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவார்கள். நல்ல ஆர்வம்தான். ஆனால் அதில் பெண்பிள்ளைகளின் விவரமும் ஏழைக் குடும்பங்களின் நிலைமையும் கைப்பேசி எண்களும் இருக்கும். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். படிவத்தில் ஒருவர் தட்டச்சு செய்வதை அப்படியே தரவுத்தளக் கட்டளையில் சேர்த்தால், விஷமி ஒருவர் அதன் வழியே முழுப் பட்டியலையும் எடுத்துவிடவோ அழித்துவிடவோ முடியும். ‘ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ முறை இதைத் தடுக்கும். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் ‘பாஸ்வேர்டு ஹேஷ்’ வழியாக மாற்றிச் சேமிக்க வேண்டும். இந்த இரண்டும் கைவரும்வரை கற்பனைப் பெயர்களை வைத்துப் பழகுங்கள். அதன் பிறகும், அனுபவமுள்ள ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பின்னரே உண்மையான விவரங்களைப் பெறுங்கள்.