வராத தந்தையும் 11.54 ரயிலும்

ஈ. நெஸ்பிட் (1858–1924) எழுதிய ‘தி ரயில்வே சில்ட்ரன்’ நாவலை நம்மில் பலரும் ரயிலுக்குக் கையசைக்கும் மூன்று பிள்ளைகளின் இனிய கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். சிவப்பு உள்பாவாடைகளைக் கிழித்துக் கொடியாக்கி, மண் சரிந்த பாதையில் வரும் ரயிலை அவர்கள் நிறுத்தும் காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று. ஆயினும் 1905இல் ‘லண்டன் மேகசின்’ இதழில் தொடராக வந்து, 1906இல் நூலான இந்நாவலின் மையம் ரயிலன்று; வீட்டில் இல்லாத தந்தையும், அந்த இன்மையைச் சுற்றிப் பெரியவர்கள் காக்கும் மௌனமுமே.

ஓரிரவு இருவர் வீட்டுக்கு வருகின்றனர். மகனின் பழுதான பொம்மை ரயில் எஞ்சினைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்த தந்தை அவர்களோடு போய்விடுகிறார். எதுவும் கேட்க வேண்டாம் என்று தாய் பிள்ளைகளிடம் வேண்டிக்கொள்கிறாள். லண்டன் புறநகரிலிருந்து கிராமத்துக்குக் குடிபெயர்ந்து, கதைகள் எழுதி விற்றுக் குடும்பத்தை நடத்துகிறாள். தந்தைக்குத் தம் அன்பைச் சுமந்து செல்லும் என்றெண்ணியே காலை 9.15 ரயிலுக்குப் பிள்ளைகள் கையசைக்கின்றனர். பொட்டலம் சுற்றி வந்த பழைய செய்தித்தாள் ஒன்றில்தான் மூத்தவள் ராபர்ட்டா உண்மையை அறிகிறாள்: தந்தைக்கு ஐந்தாண்டுச் சிறை, அரசு இரகசியங்களை ரஷ்யர்களுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. அன்றுமுதல் அவளும் அம்மௌனத்தைக் காப்பவளாகிறாள். பாதுகாக்கப்பட்ட குழந்தை பாதுகாப்பவளாக மாறும் அந்த இடமே நாவலின் உச்சம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இக்கதைக்குப் பின்னால் டிரைஃபஸ் வழக்கின் நிழலை விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றனர். பிரெஞ்சு இராணுவத்தின் யூத அதிகாரியான ஆல்ஃபிரட் டிரைஃபஸ், ஜெர்மனிக்கு இரகசியங்களை விற்றதாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டு 1894இல் தண்டிக்கப்பட்டார். 1906 ஜூலையில்தான், நாவல் நூலான அதே ஆண்டில், குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. டெவில்ஸ் தீவில் அவர் அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளில், தந்தை நெடும்பயணம் போயிருப்பதாகவே அவருடைய இரு பிள்ளைகளிடமும் சொல்லப்பட்டிருந்தது.

நாவலில் குடும்பத்தைத் தேடி ரயில்நிலையத்தில் வந்திறங்கும் ரஷ்ய எழுத்தாளரும் வெறும் கற்பனையல்லர். 1884இல் ஃபேபியன் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் நெஸ்பிட்டும் அவர் கணவர் ஹியூபர்ட் பிளாண்டும் இருந்தனர். ஜார் ஆட்சியிலிருந்து தப்பி லண்டனில் வாழ்ந்த ஸ்டெப்னியாக் அவர்களுடைய நண்பர். அவர் 1895இல் ரயில் மோதி இறந்தார். நாவலிலோ அந்த ரஷ்யர் தம் மனைவியையும் குழந்தையையும் திரும்பப் பெறுகிறார்.

வரலாறு மறுத்ததைக் கதை கொடுப்பதை இதிலும் காண்கிறோம். நெஸ்பிட்டுக்கு மூன்று வயதானபோது, 1862இல், வேளாண் வேதியியலாளரான அவர் தந்தை இறந்தார். அக்காள் மேரி காசநோயால் 1871இல் மறைந்தார். 1900இல் பதினைந்து வயது மகன் ஃபேபியன், வீட்டில் நடந்த சிறு அறுவை சிகிச்சைக்குப்பின் கண்விழிக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், இத்தனை இழப்புகளுக்குப் பின்னரே, ஒரு மகள் நிலையத்தில் நிற்க, 11.54 ரயிலின் புகையினூடே தந்தை இறங்கிவரும் காட்சியை அவர் எழுதினார்.

அதை எளிய ஆறுதல் என்று ஒதுக்குவோரும் உண்டு. தந்தையை இழந்த குழந்தைக்கு இம்முடிவு பொய்யாகாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நெஸ்பிட் அச்சந்திப்பை நமக்கு முழுமையாகக் காட்டவில்லை. தந்தை வீட்டுக்குள் நுழைந்ததும், கதைசொல்லி நம்மையும் அழைத்துக்கொண்டு விலகிவிடுகிறார். அங்கே இனி நமக்கு இடமில்லை. தாம் ஒருபோதும் நின்றறியாத அந்த அறையின் வாசல்வரை வந்து, உள்ளே என்ன பேசப்பட்டது என்று புனையாமல் திரும்பிய நேர்மையே, நூற்றாண்டைக் கடந்தும் இந்நாவலை நம்மிடம் நிறுத்தியிருக்கிறது.