செர்ரியும் களாவும்

செர்ரி மரம் ஒன்றை நம் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க இயலுமா? பிள்ளைச்சாவடியில் என் வீட்டிற்கு வந்து போகும் மாணவர்கள் இவ்வினாவைப் பலமுறை எழுப்பியிருக்கின்றனர். இது தோட்டக்கலையைச் சார்ந்த வினாவே. ஆயினும், விடை கூறப் புகுந்தால் வரலாற்றின் வழியேதான் செல்லவேண்டியிருக்கிறது. மரம் எது, அதன் பெயர் எது, அவ்விரண்டும் எவ்வெவ்வழியே பயணம் செய்தன என்பவற்றைப் பிரித்தறிந்தால் விடை தானே புலப்படும். அவற்றை இன்று சற்றே ஆராய்வோம்.

முதற்கண் மரத்தைக் காண்போம். இன்சுவைச் செர்ரி, ரோஜாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வாதுமைக்கும் பீச்சு மரத்துக்கும் நெருங்கிய உறவு உடையது. அடுத்த ஆண்டு மலரவேண்டிய மொட்டுகளை இது முந்திய கோடையிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. இலையுதிர் காலம் வந்தவுடன் இலைகளைக் களைந்துவிட்டு உறங்கத் தொடங்குகிறது. அவ்வுறக்கம் கலைவதற்குக் குளிர் வேண்டும். அதுவும் சிறிது குளிர் போதாது. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் பல நூறு மணி நேரம் நின்றாலன்றி மொட்டுகள் செவ்வனே விரியமாட்டா. சில வகைகளுக்கு ஆயிரம் மணி நேரத்திற்கு மேலும் வேண்டும். புதுச்சேரியிலோ தை மாதத்து இரவிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆகவே, விதையோ கன்றோ கொணர்ந்து நட்டாலும், பூத்துக் காய்க்கும் செர்ரியை நாம் இங்கே எதிர்பார்த்தல் இயலாது.

இவ்வுண்மையை முன்னோரும் அறிந்திருந்தனர். உரோமானிய அறிஞர் பிளினி தம்முடைய இயற்கை வரலாற்று நூலில் செர்ரியைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். லூக்குல்லஸ் என்னும் படைத்தலைவன் கருங்கடற்கரையிலுள்ள போன்டஸ் நாட்டின் அரசன் மித்ரிடேட்டசை வென்று திரும்பியபோது இம்மரத்தை இத்தாலிக்குக் கொணர்ந்தான் என்றும், 120 ஆண்டுகளுக்குள் அது கடல் கடந்து பிரிட்டன் வரையில் பரவிற்று என்றும் அவர் எழுதுகிறார். காட்டுச் செர்ரி ஐரோப்பாவில் அதற்கு முன்னரே இருந்தது; லூக்குல்லஸ் கொணர்ந்தது பண்படுத்திய நல்ல வகையாகலாம் என்பது இக்கால ஆராய்ச்சியாளர் கருத்து. நமக்கு வேண்டுவது பிளினி சேர்த்துக் கூறும் மற்றொரு குறிப்பு: எத்துணைப் பேணினும் எகிப்து நாட்டில் இம்மரத்தை வளர்க்க இயலவில்லை என்பதே அது. எகிப்தை வென்று ஆண்ட பேரரசு அங்கே ஒரு செர்ரி மரத்தைக் காய்க்கச் செய்ய இயலாமற்போனது!

பிளினி வாழ்ந்த அதே நூற்றாண்டில்தான் நம் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டுக்கு உரோமானிய மதுச் சாடிகளும் மட்கலங்களும் வந்திறங்கின. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு அவற்றை உலகறியச் செய்தது. மது வந்தது, கலம் வந்தது. குளிரை மட்டும் எக்கப்பலும் ஏற்றிவர இயலாது.

நம் நாட்டிற்குள் செர்ரி வேரூன்றிய கதை காஷ்மீரத்தைச் சார்ந்தது. அக்பர் காஷ்மீரை 1586-இல் வென்றார். அதற்கு முன் அங்குச் செர்ரி இல்லை என்றும், முகம்மது குலி அப்சார் என்பவர் காபூலிலிருந்து அதைக் கொணர்ந்து நட்டார் என்றும், பத்துப் பதினைந்து மரங்கள் காய்த்து நிற்கின்றன என்றும் ஜகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். இதன் பழைய பெயர் கிலாஸ். அச்சொல் பல்லியைக் குறிக்கும் ஒரு சொல்லை ஒத்திருந்ததால், அக்பர் இதற்கு ‘ஷா ஆலு’ எனப் புதுப்பெயர் சூட்டினார் என்பதும் அந்நூலில் காணும் செய்தியே. சக்கரவர்த்தி சூட்டிய பெயர் ஏட்டோடு நின்றுவிட்டது. காஷ்மீரத்து மக்கள் இன்றும் கிலாஸ் என்றே வழங்குகின்றனர். காபூலைப் போன்ற குளிர் காஷ்மீரத்திலும் இருந்தமையால் மரமும் தழைத்தது. இன்றும் நம் நாட்டில் செர்ரி மிகுதியாக விளைவது காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலுமே.

இனி, புதுச்சேரிக்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சியாளர் 1826-இல் இங்கே தாவரவியற் பூங்கா ஒன்றை அமைத்தனர். பிற நாட்டுப் பயிர்களுள் இம்மண்ணுக்கு இசைவன எவை எனச் சோதித்தறிதலும் அத்தகைய பூங்காக்களின் பணியாகும். இப்பூங்காவோடு நிலைத்துவிட்ட பெயர் பெர்ரோத்தே என்பவருடையது. சுவிட்சர்லாந்தில் 1793-இல் பிறந்த அவர், இளமையில் பிரெஞ்சுக் கப்பலில் கிழக்குக் கடல்களைச் சுற்றிவந்தார்; பிலிப்பைன் தீவுகளிலிருந்து பட்டுப்புழுவுக்குரிய முசுக்கட்டைச் செடியைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றார்; ஆப்பிரிக்காவின் செனகாலிலும் நம் நீலகிரியிலும் செடிகள் சேகரித்தார்; 1870-இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். இத்தகைய தேர்ந்த அறிஞரும் தட்பவெப்பத்தின் ஆணைக்குள் நின்றே பணியாற்ற வேண்டியிருந்தது. எனவே, ஐரோப்பாவின் செர்ரி மரம் இக்கரையில் நிலைபெறவில்லை. ‘செரீஸ்’ என்னும் அதன் பிரெஞ்சுப் பெயரோ பாடப் புத்தகங்களின் வாயிலாக நம் சிறுவர் நாவில் ஏறியது.

பெயரின் பயணம் மரத்தின் பயணத்தினும் விந்தையானது. கிரேக்கர் கெரசோஸ் என்றனர்; உரோமானியர் கெரசுஸ் என்றனர். அதுவே பிரெஞ்சில் செரீஸ் என்றும், ஸ்பானிய மொழியில் செரேசா என்றும் திரிந்தது. நார்மானியர் வாயிலாக இச்சொல்லைப் பெற்ற ஆங்கிலேயர், ஈற்றில் நின்ற சகர ஒலியைப் பன்மை விகுதி எனக் கருதி நீக்கிவிட்டனர். அங்ஙனம் பிறந்ததே செர்ரி என்னும் சொல். ஐரோப்பியர் வெப்ப நாடுகளில் குடியேறியபோது, தம் ஊர்க் கனியை எண்ணி ஏங்கினர் போலும்! சிறிய, சிவந்த, உருண்டைக் கனி எதைக் கண்டாலும் அதற்கு அப்பெயரையே இட்டனர். சூரினாம் செர்ரி, பார்படோஸ் செர்ரி என்பன யாவும் இவ்வாறு வந்த பெயர்களே. அவை செர்ரியின் குடும்பத்தைச் சார்ந்தவையல்ல. நம் மகிழ மரத்தையும் ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை. நம்மாழ்வாரின் மாலைக்குரியதும், திருவொற்றியூரின் தலமரமுமான மகிழுக்கு ‘ஸ்பானியச் செர்ரி’ எனப் பெயரிட்டனர்.

நம் தெருக்களில் சிங்கப்பூர்ச் செர்ரி என்று வழங்கும் மரத்தை நீங்கள் யாவரும் அறிவீர்கள். தேன்பழம் என்றும், சர்க்கரைப் பழம் என்றும் இதனைச் சிறுவர் அழைப்பர். இலங்கையில் ஜாம் பழம் என்பர். இதன் தாயகம் சிங்கப்பூர் அன்று, வெப்ப அமெரிக்கா. பிளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி 1703-இல் வெளியிட்ட நூலில், முன்டிங் என்ற டச்சுத் தாவர அறிஞரின் நினைவாக இதற்கு முன்டிங்கியா எனப் பெயர் சூட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலிப்பைன் தீவுகளுக்கு வந்து, அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா எங்கும் பரவிற்று என்பர். பிலிப்பைன் மக்களுள் ஒரு சாரார் இதனைச் ‘சரேசா’ என்கின்றனர்; செரேசா என்ற ஸ்பானியச் சொல்லை நீங்கள் அதில் அடையாளம் காணலாம். அமெரிக்காவின் மரம், ஐரோப்பாவின் பெயர், ஆசியாவின் ஊர் மூன்றும் நம் வீட்டு வேலியோரத்தில் ஒன்றுகூடி நிற்கின்றன. வௌவாலும் அணிலும் கொண்டைக்குருவியும் இவ்வரலாற்றைப் பற்றிக் கவலையுறாது பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பி வருகின்றன.

இவற்றினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ரொட்டிக் கடையில் கேக்கின்மீது செக்கச்செவேலென ஒரு பழம் வைத்துத் தருகின்றனரே, அதனைச் செர்ரி என்றே நாம் உண்கிறோம். நம் நாட்டில் அது பெரும்பாலும் களாக்காயே ஆகும். களாக்காயின் விதையை நீக்கி, நிறத்தைப் போக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செர்ரியாக்கி விடுகின்றனர். களா நம் மண்ணுக்குரிய முட்செடி. வெண்ணிறப் பூவும், முற்றிக் கனிந்தால் கருமையும் உடையது. சேர மன்னன் ஒருவனுக்குக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் என்பது பெயர். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவன் அவன். களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் புனைந்தமையால் அப்பெயர் பெற்றான். ஒரு சேர வேந்தன் தலையில் சூடிய காய், இன்று தன் பெயரைச் சொன்னால் விலை போகாதென அயற்பெயர் தாங்கிக் கடையில் அமர்ந்திருக்கிறது. இதைவிட வருந்தத்தக்கது வேறு என்ன இருக்கிறது?

அயல்நாட்டுச் செடிகளை வெறுக்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. மிளகாயும் முந்திரியும் கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அவையின்றி இன்று நம் அடுக்களை இல்லை. மண்ணுக்கு இசைந்து பயன் தருவதை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. பெயரின் பளபளப்பைக் கண்டு மயங்குதலும், நம்முடையதை நாமே மறத்தலும் ஆகா என்பதே என் கருத்து.

ஆகவே, எங்கள் பிள்ளைச்சாவடி மாணவர்க்கு நான் கூறும் விடை இது. தேன்பழ மரம் வேண்டுமெனில் நடுங்கள். மணற்பாங்கான ஏழை மண்ணிலும் அது வளரும். நட்ட இரண்டாண்டிற்குள் கனி தரும். ஆனால், உப்பு அதற்கு ஆகாது. கிளைகளும் காற்றுக்கு எளிதில் முறியும். ஆதலின் கடலை நோக்கிய பக்கத்தை விடுத்து, வீட்டின் மறைவில் நடுதல் நலம். முற்றத்தில் நிழலுக்கு ஒரு மகிழ் நடுங்கள். வேலிக்குக் களாவை வையுங்கள். முள் காவலாகும், காய் ஊறுகாயாகும், கனி குழந்தைகளுக்கு ஆகும்.

எங்கள் ஊரில் தோட்டத்திற்குரிய நிலமே ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணல் தடைப்பட்டது. வடக்கேயுள்ள மீனவச் சிற்றூர்களின் கரையைக் கடல் அரித்துத் தின்கிறது. ஒரு வேலிக் களா அக்கடலை நிறுத்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், எஞ்சிய மண் எத்தகையது, அதில் எது வாழும், எது வாழாது என்பதை ஊரிலுள்ள இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு இல்லாதார்க்குத் தம் நிலத்திற்காக வாதாடவும் இயலாது.

சாவடி என்னும் சொல் வழிப்போக்கர் தங்கும் இடத்தைக் குறிக்கும். செடிகளும் சொற்களும் வழிப்போக்கர்களே. வருவோரை வரவேற்று, அவர் யார், எங்கிருந்து வந்தார் என விசாரித்து அறிதல் சாவடிக்குரியார் கடமை. மாணவர்களே! உங்கள் தெருவிலுள்ள மரங்களை இன்று மாலையே எண்ணத் தொடங்குங்கள். ஒவ்வொன்றின் பெயரையும், அது வந்த வழியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வரலாற்றுப் பாடத்திற்கு அதனினும் நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.