கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள்

மயிலாப்பூரில் அத்தை வீட்டுப் பரணில் கிடந்தது அந்த லேப்டாப். அத்தை பையன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும்: விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ். "ரெண்டாவதைத் தொடாதே, எல்லாம் போயிடும்" என்பான். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த நானும் தொடவில்லை.

இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15 அன்று. பாஸ் லினக்ஸ் அதற்கும் மூத்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. உருவாக்கியவர்கள் சென்னைக்காரர்கள்தான். தரமணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மார்ச்சில் பள்ளிகள் மூடின. அத்தை வீட்டில் சமையல் செய்பவரின் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் ஒரே ஃபோன். அதுவும் அப்பா வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். பரணிலிருந்து லேப்டாப்பை இறக்கினோம்.

உள்ளே இருந்த பாஸும் பழசாகியிருந்தது. குற்றம் எங்களுடையது, ஒருமுறைகூட அப்டேட் செய்ததில்லை. ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். டெபியன் 10, இலகுவான எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப். ராம் போதாதபோது தரவைச் சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்ளும் ஜிராம். ஆனாலும் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கியது. "ஒரு டேப் போதும் அண்ணா" என்றாள். வகுப்பு நடந்தது.

லினக்ஸ் என்றால் எந்தப் பழைய கணினியும் என்றைக்கும் ஓடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியதே 386 சிப் உள்ள கணினியில்தான். 2012 டிசம்பரில் அந்தச் சிப்புக்கான ஆதரவையே நீக்கினார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல், 32-பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. என் கட்டிலுக்கடியில் இருக்கும் பென்டியம் 4-க்கு இனி புதுப் பதிப்பு வராது. பழைய சிப்புக்காக யாராவது உட்கார்ந்து சோதித்து, பிழை திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது ஓடும். அந்த யாராவது களைத்துப்போகும் நாளில், நல்ல நிலையில் இருக்கும் கணினியும் பழசாகிவிடுகிறது.

அந்த லேப்டாப் 64-பிட். தப்பித்தது. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை அப்டேட் போடச் சொல்லியிருக்கிறேன். போடுகிறாள்.