293318625600 (எண்)

293318625600 (29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600) பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் உயர் பகு எண். தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணே உயர் பகு எண் எனப்படும். ஈரோட்டில் பிறந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட அட்டவணையில் விடுபட்டுப்போனது இந்த எண்.

காரணிகள்

இதன் பகாக் காரணி வடிவம்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. முதல் எட்டுப் பகா எண்களும் இதில் உள்ளன. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என எங்கும் ஏறாமல் வருகின்றன. உயர் பகு எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொது விதி. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் வகுத்திகள் உள்ள சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம்.

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த 5040-உம் ஓர் உயர் பகு எண். அதன் வகுத்திகள் 60. அந்த 60-உம் உயர் பகு எண்ணே.

1 முதல் 28 வரையுள்ள எண்களில் 23 ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் இது மீதியின்றி வகுபடும். வகுத்திகள் அனைத்தின் கூடுதல் 1642243014720. இது எண்ணின் ஐந்தரை மடங்குக்கும் அதிகம். இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600 (4800 வகுத்திகள்), அடுத்தது 321253732800 (5376 வகுத்திகள்).

ராமானுஜனின் அட்டவணை

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1914-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்ற அவர், மறு ஆண்டே உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. கணிதக் கழகத்தின் நிதி நெருக்கடியால் அச்சேறாமல் நின்ற பகுதியை ஜீன்-லூயி நிக்கோலா, கை ராபின் இருவரும் 1997-இல் பதிப்பித்தனர்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாலேயே கணக்கிட்டு அவர் தொகுத்த அட்டவணை 6746328388800 வரை செல்கிறது. 10080 வகுத்திகள் கொண்ட அந்தக் கடைசி எண், விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு. லட்சம் கோடிகளைத் தாண்டிச் செல்லும் அந்த நெடும் பட்டியலில் விடுபட்டது இது ஒன்றுதான் என்பது அவருடைய கணக்கின் துல்லியத்துக்குப் பெருஞ்சான்று. இந்த விடுபடலால் கட்டுரையின் தேற்றங்கள் எதற்கும் குறைவில்லை. அடுக்குகள் பற்றி அவர் நிறுவிய விதிகளுக்கு இந்த எண்ணும் முழுமையாகப் பொருந்துகிறது.