தாபான் பாலும் கறுப்புத் தூளும்

1842-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மரம் வெட்டும் மலாய்க்காரர் ஒருவரின் பாராங் கத்திப்பிடி வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவரின் கண்ணில் பட்டது. அது மரமுமில்லை, கொம்புமில்லை. வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவாகக் குழையும், ஆறினால் இறுகும். தாபான் மரத்துப் பாலில் செய்த பிடி. அடுத்த ஆண்டே அதன் மாதிரிகள் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கே அதற்குக் கட்டாப்பெர்ச்சா என்று பெயர்.

மின்சாரத்தை இது கசியவிடாது என்று 1848-இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துச் சொன்னார். செம்புக் கம்பிக்கு இதையே சட்டையாகப் போட்டுக் கடலுக்கடியில் இறக்கினார்கள். 1851-இல் இங்கிலாந்தும் பிரான்சும் இணைந்தன. 1866-இல் அட்லாண்டிக்கின் இரு கரைகள். 1870-71-இல் மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி வந்தது. அதுவரை கப்பலுக்குக் காத்திருந்த சேதி அதன்பின் தந்தியில் பறந்தது.

விலை கொடுத்தது காடு. ரப்பர் மரத்தைப் போலத் தாபானைக் கீறிவிட்டு மறுநாளும் பால் எடுக்கும் வழக்கம் அன்றில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலை வடித்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்தது சுமார் 300 கிராம்தான். பதினைந்தே ஆண்டுகளில் சிங்கப்பூரில் வளர்ந்த தாபான் மரங்கள் அநேகமாகத் தீர்ந்துபோயின. கெராஞ்சி மரத்தால் பெயர்பெற்ற, சிங்கப்பூரின் கிராஞ்சி ஆற்றோரக் காடும் அந்தக் காலத்தில் மிளகு, கம்பீர் தோட்டங்களுக்கு இடம்விட்டது.

1933-இல் இங்கிலாந்தில் பாலிஎதிலீன் பிறந்தது. கடல்கம்பியின் சட்டை மெல்ல மெல்ல அதற்கு மாறியது. மரப்பாலோ பிளாஸ்டிக்கோ, பாலிமர் என்றாலே மின்சாரத்தைத் தடுக்கும் பொருள் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

அதை உடைத்தது 1977. ஹிடெகி ஷிராகாவா, ஆலன் மக்டயர்மிட், ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியை ஏற்றினார்கள்; அதன் மின்கடத்தும் திறன் கோடி மடங்காகப் பெருகியது. 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் கடத்தும் பாலிமர்கள் ஆய்வுப்பொருளாயின.

ஆனால் பாலிபிரோல், பாலிஅனிலின் போன்ற கடத்தும் பாலிமர்கள் எளிதில் நொறுங்கும். சூடாக்கினாலும் உருகி அச்சில் ஓடாது. அதற்கு ஒரு வழி பிறந்தது. சாதாரண பிளாஸ்டிக் தூளை நீர்க்கரைசலில் கலக்கி, பெர்ரிக் குளோரைடும் பிரோலும் சேர்ப்பார்கள். ஒவ்வொரு துகளின் மேலும் பாலிபிரோல் படிய, வெள்ளைத் தூள் கறுக்கும். 1990-களில் ஸ்லோவாக்கியாவில் பாலிபுரொப்பிலீன் தூளை இப்படிப் பூசிப் பார்த்தார்கள்.

பொரி உருண்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். பாகு கொஞ்சம்தான். பொரி ஒவ்வொன்றிலும் அது புரண்டிருப்பதால், அழுத்திப் பிடித்ததும் உருண்டை முழுக்கப் பாகு ஒன்றையொன்று தொட்டு ஓடுகிறது. பூசிய தூளைச் சூட்டில் அழுத்தினாலும் இதே கதை: சில விழுக்காடு பாலிபிரோலே கட்டி முழுவதும் மின்சாரத்துக்கு வலைபோல் வழி போட்டுவிடும்.

இத்தகைய பொருள் தேவைப்படும் ஊர்களில் சிங்கப்பூரும் ஒன்று. 1968-இல் நேஷனல் செமிகண்டக்டர் இங்கே சிப் பொருத்தும் ஆலையைத் திறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் பின்தொடர்ந்தது. விரல்நுனியில் சுள்ளென்று உறைக்கும் நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட். சில சிப்புகளுக்கு நூறு வோல்ட்டே எமன். அதனால் சிப்புகளை வைக்கும் தட்டும் பையும் மின்னூட்டத்தைத் தேங்கவிடாமல் மெல்ல வடியவிட வேண்டும். அந்த வேலையைப் பல இடங்களில் கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் செய்துவருகிறது. கரி உதிர்ந்தால் தூசு. துகளைச் சுற்றிப் படியும் பூச்சு ஆய்வாளர்களை ஈர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிராஞ்சியில் இன்று ஆற்றுமுகம் அணைகட்டி நீர்த்தேக்கமாகிவிட்டது. பக்கத்துச் சுங்கை காடுட்டில் தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. தெற்கே புக்கித் தீமா காட்டில் தாபான் இன்னும் தழைக்கிறது. காற்றடித்து இலை புரளும்போது அதன் அடிப்புறம் செம்புக்கம்பியின் நிறத்தில் தெரியும்.